சூரியகாந்தி வயலை ஆயில் பெயின்ட்ல வரைஞ்சது: மஞ்சளுக்கு நிழல் போடுறது எப்படி

ஆயில் பெயின்டிங் பழக ஆரம்பிக்கிறவங்க நிறைய பேரு ஆசைப்பட்டு முதல்ல கை வைக்கிறது பூ வயல்ல தான், பாக்க ஈசியா தெரியும், கீழ பச்சை அடிச்சு மேல கலர் கலரா புள்ளி வச்சா முடிஞ்சுதுன்னு தோணும், ஆனா உக்காந்தா தான் தெரியும் அதுல எவ்ளோ இருக்குன்னு. நான் எடுத்துக்கிட்டது தென்காசி பக்கம் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தி வயல். குத்தால சீசன் சமயத்துல அந்தப் பக்கம் போனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மேற்க மலை, மலை உச்சியில மேகம், செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்து, முன்னாடி ஏக்கர் கணக்குல மஞ்சள். இந்த ஒரு படத்துல நான் கத்துக்கிட்டதுல பாதிக்கு மேல மஞ்சளோட நிழலைப் பத்தினது தான், அதனால இந்தப் பதிவுலயும் அதுக்குத்தான் இடம் ஜாஸ்தி.

ஏன் மஞ்சள் மட்டும் இவ்ளோ படுத்துதுன்னா, நீலத்தை இருட்டாக்கினா கருநீலம் வரும், அது நீலம்தான். சிவப்பை இருட்டாக்கினா மெரூன், அதுவும் சிவப்பு குடும்பம்தான். மஞ்சளை இருட்டாக்கினா அது மஞ்சளாவே இருக்காது, ஒண்ணு பச்சையா போயிரும் இல்ல பழுப்பா போயிரும். ஆனா வயல்ல போய் நின்னு பாத்தா நிழல்ல இருக்கிற இதழும் நம்ம கண்ணுக்கு மஞ்சளாத்தான் தெரியுது. அப்ப அந்த நிழல் மஞ்சள் என்ன கலரு? இதுதான் கேள்வி, மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம் தான்.

முதல்ல இடத்தைப் பத்தி. நான் வயலுக்குக் கிழக்குப் பக்கம், ரோட்டு மேட்டுல நின்னு மலையைப் பாத்து ஸ்கெட்ச் போட்டுட்டு இருந்தேன், எல்லாப் பூவும் என் பக்கமே திரும்பி நிக்குது. வெயில் மேற்க போனா பூவும் அந்தப் பக்கம் திரும்பிரும், சீக்கிரம் வரையணும்னு மனசுல ஓடிட்டே இருந்துச்சு. வயல் வச்சிருக்கிற பெரியவர் ஒருத்தர் வந்து நின்னு பாத்தாரு, அவர்ட்ட கேட்டேன், “அண்ணாச்சி, மத்தியானத்துக்கு மேல பூவெல்லாம் மலைப் பக்கம் திரும்பிருமா?” அவரு, “மொட்டா இருக்கையிலதான் தம்பி வெயிலு போற பக்கம் திரும்பும். விரிஞ்சு முத்திட்டுன்னா கிழக்க பாத்து நின்னுரும், அப்புறம் அசையாதுல்லா. அதுக்குத்தான எல்லாவனும் ரோட்டுல இந்தப் பக்கமா நின்னு போட்டோ புடிக்கான்”னாரு.

இந்த ஒரு விஷயம் தெரிஞ்சதும் படத்தோட வெளிச்சமே முடிவாயிருச்சு. முத்தின பூ கிழக்க பாத்தே நிக்கும், காலை வெயில்ல பூ முகம் சீக்கிரம் சூடேறும், அந்தச் சூட்டுக்கு தேனீ அதிகமா வரும்னு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க. வரையறவனுக்கு இதோட அர்த்தம் என்னன்னா, விடிகாலையில வெயில் நம்ம முதுகுக்குப் பின்னாடி, பூவெல்லாம் முழு வெளிச்சத்துல, நிழலே இருக்காது, ஒரே தட்டையா இருக்கும். சாயங்காலம் வெயில் மலைப் பக்கம், பூவுக்கு பின்னாடி இருந்து வரும், இதழ் வழியா வெளிச்சம் ஊடுருவி ஆரஞ்சா எரியும், நடுவட்டம் கருப்பா நிக்கும், அழகுதான் ஆனா பழகுற ஆளுக்கு அது ரொம்ப கஷ்டம். நான் எடுத்துக்கிட்டது பத்து பத்தரை மணி வெளிச்சம். வெயில் ஒசரமா வந்திருக்கும், முத்தின பூ கனத்துல லேசா தலை குனிஞ்சு நிக்கும், அதனால பூவோட மேல் பாதி வெளிச்சத்துல, கீழ் பாதி நிழல்ல. அதோட ஆடி மாசம் நம்ம தெக்கத்தி ஊர்ல சூரியன் தலைக்கு நேர் மேல போகாது, கொஞ்சம் வடக்க தள்ளித்தான் போகும், மேற்க பாத்து நின்னா வடக்கு வலது கைப் பக்கம், அதனால வெளிச்சம் வலது மேல் மூலையில இருந்து. இதை ஸ்கெட்ச் ஓரத்துல அம்புக்குறி போட்டு எழுதி வச்சுக்கிட்டேன், வீட்டுல வந்து வரையும்போது அந்த அம்புக்குறி தான் எல்லாத்துக்கும் நீதிபதி.

போன்ல போட்டோவும் எடுத்தேன், ஆனா போட்டோவை நம்பி மட்டும் மஞ்சள் பூ வரைய முடியாது. வெயில்ல இருக்கிற அடர் மஞ்சளை போன் கேமரா தாங்காது, இதழ்ல இருக்கிற கோடு மடிப்பு எல்லாம் அழிஞ்சு ஒரே மஞ்சள் திட்டா வரும். போன் ஸ்கிரீன்ல பூ மேல விரலை வச்சு வெளிச்சத்தை நல்லா குறைச்சு இன்னொரு ஷாட் எடுத்துக்கணும், மத்ததெல்லாம் இருட்டா வரும், பரவால்ல, இதழுக்கு அந்த ஷாட், பச்சைக்கும் மேகத்துக்கும் வேற ஷாட். கலர் விவரத்தை கையில எழுதிக்கிறது அதை விட நல்லது. “கீழ் இதழ் – காவி, ஓரத்துல பச்சை அடிக்குது”, “மலை – பூவை விட ரொம்ப இருட்டு, ஊதா கலந்த சாம்பல்”, இப்படி.

கண்ணு மட்டம்னு ஒண்ணு இருக்கு, பூ வயலுக்கு இதுதான் கம்போசிஷனோட உயிர். சூரியகாந்தி நம்ம நெஞ்சு ஒசரம், கழுத்து ஒசரம் வளரும். நீங்க வயல்ல இறங்கி நின்னா பூத்தலையும் உங்க கண்ணும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். கண்ணு மட்டத்துல இருக்கிறது எல்லாம் அது பக்கத்துல இருந்தாலும் தூரத்துல இருந்தாலும் அடிவானக் கோட்டுலயே தான் வந்து விழும், அது பெர்ஸ்பெக்டிவ் விதி. அப்ப என்ன ஆகும், முன்னாடி நாலு பூ தெரியும், பின்னாடி இருக்கிற ஆயிரம் பூவும் ஒரு மெல்லிசு பட்டையா நசுங்கிரும், வயலே தெரியாது. ரோட்டு மேட்டுல ஏறி நின்னா தான் பூத்தலை எல்லாம் கண்ணு மட்டத்துக்குக் கீழ போகும், அப்பதான் வயல் விரிஞ்சு தெரியும், பக்கத்துப் பூ கேன்வாஸ்ல கீழ, தூரத்துப் பூ மேல மேல அடுக்கி அடிவானத்துக்கிட்ட நெருங்கும். விதைக்கிறதும் வரிசையா தான், வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்கு செடி 30 செ.மீ. விடுறது ஒட்டு ரகத்துக்கு வழக்கம், அதனால கொஞ்சம் தள்ளி நின்னு பாத்தா வரிசைக்கு நடுவுல இருட்டுக் கோடு ஓடுறது தெரியும், அந்தக் கோடு எல்லாம் தூரத்துல ஒரே புள்ளிக்குப் போகும். நான் அடிவானத்தை கேன்வாஸோட மேல் மூணுல ஒரு பங்குல வச்சேன், மலையும் மேகமும் மேல, மிச்சம் ரெண்டு பங்கு வயலுக்கு.

சாமான். கேன்வாஸ் 16-க்கு 20 இன்ச், கடையில ரெடியா கிடைக்கிறது, அது மேல நானே இன்னொரு கோட் ஜெஸ்ஸோ (பெயின்ட் பிடிக்கிறதுக்கு அடியில அடிக்கிற வெள்ளைப் பூச்சு) அடிச்சு காய வச்சு லேசா உப்புத்தாள் போட்டேன். பிரஷ் மூணு தான் உழைச்சது, ஹாக் ஹேர் (பன்றி முடி) ஃப்ளாட், அதாவது தட்டை பிரஷ், ஒண்ணு பெருசு, ஃபில்பர்ட், அதாவது முனை வளைஞ்ச தட்டை பிரஷ், நடுத்தரம், ரவுண்டு சின்னது. கூட ஒரு பெயின்டிங் நைஃப். கலர் டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, காட்மியம் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (காவி மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), பர்ன்ட் அம்பர் (இருட்டுப் பழுப்பு), அல்ட்ராமரைன் (நீலம்), அலிசரின் க்ரிம்சன் (அடர் சிவப்பு), கடைசியில ஒரு வேலைக்கு இண்டியன் யெல்லோ. டியூப்ல பேரை மட்டும் பாக்காதீங்க, பின்னாடி சின்ன எழுத்துல பிக்மென்ட் (நிறமி) நம்பர் இருக்கும், அதைப் பாருங்க. காட்மியம் யெல்லோ ஹ்யூன்னு போட்டிருந்தா அதுல காட்மியம் இல்ல, அதுக்கு பதிலா பி.ஒய். 74 (பி.ஒய்.ன்னா பிக்மென்ட் யெல்லோ) மாதிரி வேற மஞ்சள் இருக்கும், தப்பு ஒண்ணும் இல்ல, பழகுறதுக்கு அதுவே போதும், விலையும் கம்மி, ஆனா கொஞ்சம் டிரான்ஸ்பரன்ட்டா இருக்கும்னு தெரிஞ்சு வாங்கணும். பி.ஒய். 34ன்னு இருந்தா அது குரோம் யெல்லோ, ஈயம் இருக்கு, நான் தொடவே மாட்டேன். வான்கோ 1888-ல பிரான்ஸ்ல ஆர்ல்ஸ்ங்கிற ஊர்ல இருந்தப்ப வரைஞ்ச சூரியகாந்தி ஓவியங்கள்ல குரோம் யெல்லோ இருக்கு, அந்த மஞ்சள்ல சில வகை வெளிச்சம் பட்டு பழுப்பாகும்னு ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. இப்ப வெளிச்சத்தைத் தாங்குற மஞ்சள் நமக்குக் கடையிலயே கிடைக்குது, அது பெரிய கொடுப்பினை.

கேன்வாஸைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு துண்டு பேப்பர்ல ஜெஸ்ஸோ அடிச்சு நிழல் மஞ்சளுக்கு டெஸ்ட் பண்ணேன். காட்மியம் யெல்லோவை நாலு இடத்துல வச்சு நாலு விதமா இருட்டாக்கிப் பாத்தது. கருப்பு சேத்தா உடனே ஆலிவ் பச்சை, இலைக்கு ஆகும், இதழுக்கு ஆகாது. நீலம் சேத்தா சொல்லவே வேணாம், அதுவும் பச்சைதான். பர்ன்ட் சியன்னா சேத்தா நல்ல வெதுவெதுப்பான ஆரஞ்சுக் காவி, நிழலுக்கு கிட்ட வருது ஆனா கொஞ்சம் சூடு ஜாஸ்தி, பழுத்த இலை கலருக்குப் போகுது. அல்ட்ராமரைனும் அலிசரினும் கலந்து ஒரு ஊதா பண்ணி அதை மஞ்சள்ல துளி சேத்தா மஞ்சளோட பளபளப்பு அடங்குது, ஊதா மஞ்சளுக்கு எதிர் கலர்ங்கிறதால. துளின்னா துளிதான், பிரஷ் முனையில ஒட்டினது போதும், கூடினா சேறு. கடைசியா எனக்கு சரியா வந்தது யெல்லோ ஓக்கர் தான் அடிப்படை, அதுல கொஞ்சம் பர்ன்ட் சியன்னா, அந்த ஊதா துளி. காட்மியம் யெல்லோல இருந்து கீழ இறங்காம ஓக்கர்ல இருந்தே ஆரம்பிக்கணும்ங்கிறது தான் விஷயம். பேப்பர்ல அது தனியா பாத்தா மஞ்சளே கிடையாது, மங்கின பழுப்பு. அது பக்கத்துல சுத்தமான மஞ்சள் ஒரு கோடு போட்டுப் பாருங்க, டக்குனு மஞ்சள் இதழோட நிழலா மாறிரும். கண்ணு பக்கத்துல இருக்கிறதை வச்சுத்தான் முடிவு பண்ணுது.

அந்த டெஸ்ட் பேப்பரை போன்ல பிளாக் அண்ட் ஒயிட்டா எடுத்துப் பாத்தேன். வெயில் பட்ட மஞ்சள் கிட்டத்தட்ட வெள்ளைக்கு அடுத்த படியில நிக்குது, நிழல் மஞ்சள் நடு சாம்பல், இலைப் பச்சை அதுக்கும் கீழ. இந்த மூணு படியும் தனித்தனியா தெரிஞ்சா கலர் கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் படம் நிக்கும்.

கேன்வாஸ்ல முதல் லேயர் பர்ன்ட் அம்பர்ல டர்பன்டைன் (ஆயில் பெயின்டை இளக்குற திரவம்) நிறைய விட்டு டிகாஷன் பதத்துல தேய்ச்சு, துணியால துடைச்சு, அது மேலயே இருட்டு இடத்தை எல்லாம் கொஞ்சம் கெட்டியா போட்டு வச்சேன். அம்பர்ல மாங்கனீஸ் இருக்கு, அதனால ஆயில் கலர்ல சீக்கிரம் காயுற கூட்டத்துல அது ஒண்ணு. இங்க ஒரு விஷயம், ஆயில் பெயின்ட் தண்ணி வத்துற மாதிரி வத்திக் காயுறது இல்ல, அதுல இருக்கிற எண்ணெய் காத்துல ஆக்சிஜனை இழுத்து கெட்டியாகுது, அதனால நாள் எடுக்கும், மேல லேயர்ல எண்ணெய் அதிகமாவும் கீழ கம்மியாவும் இருக்கணும், மாத்திப் போட்டா மேல காய்ஞ்ச பிறகும் கீழ அசைஞ்சுக்கிட்டே இருந்து வெடிப்பு விடும். முதல் லேயர் வெறும் டர்பன்டைன், நடு லேயர் டியூப்ல வர்ற மாதிரியே, கடைசி லேயர்ல தான் லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய்.

அடுத்து வானமும் மலையும். வழக்கமா லேண்ட்ஸ்கேப்ல வானம் தான் ரொம்ப வெளிச்சமான இடம். இந்தப் படத்துல நான் அதை வேணும்னே மாத்தினேன், சாரல் மேகம் மலையில கட்டி நிக்கும்போது மேகத்து இடுக்கு வழியா வயல்ல மட்டும் வெயில் விழும், அந்த நேரத்துல பூ மேகத்தை விட வெளிச்சமா இருக்கும். அதனால மேகத்தை அல்ட்ராமரைன், பர்ன்ட் சியன்னா, ஒயிட் கலந்த சாம்பல்ல மஞ்சளை விட ஒரு படி இறக்கி வச்சேன், மலையை அதே சாம்பல்ல அலிசரின் கொஞ்சம் சேத்து ஊதா பக்கம் தள்ளினேன். மலைக்கும் மேகத்துக்கும் நடுவுல இருக்கிற ஓரத்தை காய்ஞ்ச பிரஷ்ல தடவி மழுக்கிட்டேன். எந்த ஊதா மஞ்சளுக்குள்ள துளி போனா மஞ்சளை அடக்குதோ, அதே ஊதா மஞ்சளுக்குப் பக்கத்துல நின்னா மஞ்சளைத் தூக்கிக் காட்டுது. இந்த இடத்துல எனக்கு ஆயில் பெயின்டிங் மேல இருந்த பிரியம் ரெண்டு மடங்காச்சு.

பச்சைக்கு டியூப் பச்சை எதுவும் வாங்கல. லெமன் யெல்லோ கூட அல்ட்ராமரைன் போட்டா கொஞ்சம் தெளிவான பச்சை, காட்மியம் யெல்லோ கூட போட்டா மங்கின பச்சை, ஓக்கர் கூட போட்டா ஆலிவ், இந்த மூணே ஒரு வயலுக்குப் போதும். சூரியகாந்தி இலை அகலம், இதய வடிவம், சொரசொரப்பா இருக்கும், மேல் முகம் வானத்தைப் பாக்கிறதால அதுல நீலச் சாம்பல் அடிக்கும், வெயில் பின்னாடி இருந்து ஊடுருவுற இலை மஞ்சப் பச்சையா மின்னும். இலை இலையா வரையல, மொத்தமா இருட்டுப் பச்சையா பரப்பி, முன்னாடி மட்டும் சில இலையை எடுத்துக் காட்டினேன். இது நல்லா காயட்டும்னு விட்டேன், மழைக்காலம் வேற, இழுத்துக்கிட்டே போச்சு. அவசரப்பட்டு ஈரப் பச்சை மேல மஞ்சள் வைக்கக் கூடாது, மஞ்சள் ரொம்ப பலவீனமான கலரு, அடியில இருக்கிற பச்சை உடனே ஏறிரும்.

பூ வைக்கிறது பின்னாடி இருந்து முன்னாடி. அடிவானத்துக்கிட்ட பூன்னு ஒண்ணு கிடையாது, ஓக்கர்ல ஒயிட்டும் மலைக்குப் போட்ட சாம்பலும் கலந்து ஃப்ளாட் பிரஷை படுக்க வச்சு இழுத்த கோடு தான், அங்கங்க விட்டு விட்டு. அங்க சுத்த மஞ்சள் வச்சா தூரம் செத்துப் போயிரும், பின்னாடி இருக்கிறது முன்னாடி குதிச்சு வரும். நடுவுல ஃபில்பர்ட் முனையால ஒரு பூவுக்கு ஒரு அழுத்தம், ரெண்டாவது தடவை தொடக் கூடாது, மேல் பக்கம் மஞ்சளும் கீழ் பக்கம் நிழல் கலவையுமா பிரஷ்லயே ரெண்டையும் ஏத்தி அழுத்தினா ஒரே தொடல்ல வெளிச்சம் நிழல் ரெண்டும் விழுது. பூவுக்குப் பூ இடைவெளி ஒண்ணா இருக்கக் கூடாது, வரிசைக்கு நடுவுல ஓடுற இருட்டை மூடவும் கூடாது. பிரெஞ்சு ஓவியர் க்ளோட் மொனே 1873-ல வரைஞ்ச பாப்பி வயல் பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்கு, அதோட நல்ல பிரதியை நெட்ல பெருசாக்கிப் பாருங்க, பூ எல்லாம் வெறும் சிவப்புத் திட்டு, காம்பு கூட கிடையாது, முன்னாடி பெருசு பின்னாடி பொடிசு, அவ்ளோதான், ஆனா வயல் அசையுது.

முன்னாடி அஞ்சாறு பூ மட்டும் முழுசா. ஒரு பூவை எப்படிப் போட்டேன்னு சொல்றேன். முதல்ல வட்டம் கிடையாது, லேசா குனிஞ்ச பூவை மேல இருந்து பாக்கிறதால நீள்வட்டம், மேல் இதழ் குட்டையா தெரியும், கீழ் இதழ் நீளமா தொங்கும். நடுவட்டத்துக்கு கருப்பு வேண்டாம், பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரைனும். அந்த வட்டத்துல இருக்கிற பொடிப் பூக்கள் வெளி ஓரத்துல இருந்து உள் பக்கமா விரிஞ்சுக்கிட்டே போகும், அதனால விரிஞ்சுக்கிட்டிருக்கிற இடத்துல மகரந்தம் ஒரு ஆரஞ்சு மஞ்சள் வளையமா நிக்கும், அதுக்கு உள்ள இன்னும் விரியாதது பச்சை கலந்த பழுப்பு, வெளியில விரிஞ்சு முடிஞ்சது இருட்டுப் பழுப்பு. பூவோட வயசுக்கு ஏத்த மாதிரி வளையத்தை ஓரத்துலயோ உள்ள தள்ளியோ வச்சா ஒரு பூ மாதிரி இன்னொண்ணு இருக்காது. அப்புறம் இதழ், நிழல் கலவையில எல்லா இதழையும் முதல்ல போட்டுட்டேன், வெளிச்சப் பக்கம் உட்பட. அது மேல வலது மேல் பக்க இதழ்ல மட்டும் காட்மியம் யெல்லோவை வெளிய நுனியில அழுத்தி நடுவட்டம் பாத்து இழுத்து தூக்கினேன், நுனியில பெயின்ட் தடிப்பா நிக்கும், அடியில மெலிஞ்சு நிழல் கலர் தெரியும். இன்னும் வெளிச்சமான ரெண்டு மூணு இதழ் நுனிக்கு லெமன் யெல்லோவும் ஒயிட்டும். ஒயிட் அதிகமா சேத்தா மஞ்சள் சுண்ணாம்பு அடிச்சாப்ல ஆயிரும், அதனால ஒயிட்டை நுனியோட நிறுத்திக்கணும். கீழ் இதழ்ல நிழலை அப்படியே விட்டு, அடி ஓரத்துல ஆலிவ் பச்சை மெல்லிசா ஒரு கோடு, கீழ இருக்கிற இலையில பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சம் அது. இந்தப் பச்சைக் கோடு வச்சதும் தான் பூ செடியில உக்காந்துச்சு.

இது முழுசா காய்ஞ்ச பிறகு ரெண்டே ரெண்டு பூவுக்கு மட்டும் க்ளேஸ், அதாவது கீழ இருக்கிற கலர் தெரியுற மாதிரி மெல்லிசா ஒரு படலம். இண்டியன் யெல்லோ டிரான்ஸ்பரன்ட் கலரு, அதை லின்சீட்ல நல்லா இளக்கி வெளிச்ச இதழும் நிழல் இதழும் சேர்ற இடத்துல மெல்லிசா தடவினேன். வெளிச்சம் அந்தப் படலத்துக்குள்ள போய் கீழ இருக்கிற மஞ்சள்ல பட்டுத் திரும்பி வர்றதால உள்ள இருந்து எரியுற ஒரு சூடு வரும், கலந்து பூசினா இது வராது. எல்லாப் பூவுக்கும் தடவணும்னு கை துடிக்கும், வேண்டாம், ரெண்டு பூ போதும், பாக்கிறவங்க கண்ணு அங்க போய் நிக்கணும்.

கடைசியா சுத்தம் பண்ற வேலை, இதை யாரும் சொல்றது இல்ல, ஆனா முக்கியம். லின்சீட் ஆயில் துடைச்ச துணியை உருட்டி குப்பைத்தொட்டியில போடாதீங்க, அது காயும்போது சூடாகும், சூடு வெளியேற வழியில்லாம தானாவே தீப்பிடிக்கும். விரிச்சு வெளியில காயப் போடுங்க இல்ல தண்ணியில முக்கி மூடி வைங்க. டர்பன்டைன் யூஸ் பண்ணும்போது ஜன்னலைத் திறந்து வைங்க, அழுக்கு டர்பன்டைனை சிங்க்ல ஊத்தாதீங்க, ஒரு பாட்டில்ல விட்டு வச்சா வண்டல் அடியில தங்கும், மேல தெளிஞ்சதை திரும்ப பிரஷ் கழுவ வச்சுக்கலாம். பிரஷ்ஷை கடைசியா சோப்பு போட்டு நுரை வெள்ளையா வர்ற வரைக்கும் கழுவணும். வார்னிஷ் இப்ப அடிக்கல, தொட்டா காய்ஞ்ச மாதிரி இருந்தாலும் முன்னாடி பூ இதழ்ல பெயின்ட் தடிப்பு, உள்ள காய ஆறு மாசமாவது விடணும், அது வரைக்கும் தூசி படாம வெளிச்சம் இருக்கிற சுவத்துல மாட்டியிருக்கேன், இருட்டு அறையில வச்சா லின்சீட் எண்ணெய் மஞ்சளாகி மேகமும் மலையும் பழுப்படிச்சுப் போகும்.